நேற்று ராத்திரி என்ன குழம்பு?

எங்கள் பழைய ஆபீஸ் ஆட்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. பாதி நாள் காலை வணக்கமும் பூப்படமும்தான். போன வாரம் அதில் ஒருவர், புது ரேஷன் கார்டுக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் இப்போதெல்லாம் அடுப்பைப் போனில் படம் எடுத்து ஏற்றிவிட்டு உடனே திரும்பிவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே கவிதா, "மேடம் காலத்துல மாதிரி உக்காந்து கேள்வி கேக்க இப்ப எங்க நேரம்?" என்று போட்டிருந்தாள். மேடம் என்றது என்னைத்தான். கவிதா என்னிடம் வேலை பார்த்த பெண், இப்போது நான் இருந்த நாற்காலியில் இருக்கிறாள். பதில் எழுத ஆரம்பித்தேன். போனில் தட்டித் தட்டி விரல் வலித்தது. பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எனக்கு நேரத்துக்கா பஞ்சம்?

என் பேர் கிரேஸ். வட்ட வழங்கல் அலுவலகத்தில் வருவாய் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவள். ஜனங்களுக்கு அது கார்டு ஆபீஸ், நான் கார்டு ஆபீசரம்மா. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஞாயிறு தவறாமல் சர்ச், காலை தவறாமல் வேப்பங்குச்சி என்று வளர்த்தார். சர்ச்சுக்குப் போவது கொஞ்சம் குறைந்துவிட்டது. வேப்பங்குச்சி பலன் கொடுத்திருக்கிறது, இந்த வயதிலும் ஒரு பல் ஆடவில்லை. பரீட்சை எழுதி இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். சில வருஷம் தபால் பிரித்தேன், சில வருஷம் முத்திரை குத்தினேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, எந்த ஆபீஸிலும் புதிதாக வந்த பெண்பிள்ளை செய்கிற வேலைதான். கல்யாணம் அமையவில்லை. அதைப் பற்றியும் சொல்ல ஒன்றும் இல்லை.

வீடு பார்க்கும் வேலைக்கு வந்த பிறகுதான் எனக்கு உத்தியோகம் பிடித்தது. கார்டு கேட்டு மனு வந்தால், அந்தக் குடும்பம் உண்மையிலேயே தனிக் குடும்பமா என்று நேரில் போய்ப் பார்க்க வேண்டும். ஒரே வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர் இருக்கலாம், மாமியார் மருமகள் இருக்கலாம். யார் தனிக் குடும்பம் என்பதற்குச் சர்க்காரிடம் இருக்கும் அளவுகோல் ஒன்றுதான், தனிச் சமையல். தனியாகச் சமைத்தால் தனிக் கார்டு. ஒரே உலையில் பொங்கினால் ஒரே கார்டு. சொத்து, சண்டை, பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பது, எதுவும் கணக்கில் வராது.

இது ஜனங்களுக்கும் தெரியும். அதனால் நாங்கள் வருகிற நாளில் ஊரில் அடுப்புகள் முளைக்கும். விலை ஒட்டிய காகிதம்கூடக் கிழிக்காத அடுப்பைப் பார்த்திருக்கிறேன். குழாய் மாட்டாத கேஸ் அடுப்பில் பருப்பு வேகிறது என்று சொன்ன மகராசியையும் பார்த்திருக்கிறேன். மதுரைக்குள்ளேயே ஒரு லைன் வீட்டில் நாலு வீட்டுக்கும் ஒரே அடுப்பு. நான் முன்வாசல் வழியாக அடுத்த வீட்டுக்குள் நுழைவதற்குள் அது பின்வாசல் வழியாக எனக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடும். திருகு உடைந்த அடுப்பு. நாலாவது வீட்டில் நான் அதற்கு வணக்கம் சொன்னேன். அந்த வீட்டுப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "என்னக்கா செய்ய, எல்லாருக்கும்தான பசிக்குது" என்றாள். அவள் சொன்னதும் நியாயம்தான். ஆனால் அதை எழுத மனுவில் இடம் கிடையாது.

இந்தப் பொய்களுக்கு நடுவில் உண்மையைக் கண்டுபிடிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் வட்ட வழங்கல் அலுவலர் சேதுராமன் சார். ஒல்லியான மனுஷன். வெயிலோ மழையோ, கையில் குடை. குடிசையாக இருந்தாலும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார். அடுப்பைத் தொடவே மாட்டார். "அவுக சாமி கும்பிடுற இடத்துல கைய வப்பமா? அப்படித்தாம்மா அடுப்பும்" என்பார். மனுதாரர் முகத்துக்கு நேராக இல்லை என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "பார்ப்போம்" என்பார். அந்தப் பார்ப்போமிலிருந்து கார்டு வருமா வராதா என்று அவர் பெண்சாதியால்கூடக் கண்டுபிடிக்க முடியாது.

அவரிடம் இரண்டே வித்தைதான் இருந்தது. முதலாவது, குடிக்கத் தண்ணீர் கேட்பது. "கேட்டுட்டு வாயப் பாக்காதீங்க, கையப் பாருங்க. யோசிக்காம எந்தக் குடத்துக்குப் போகுதோ அதுதான் அவுக வீடு" என்பார். மூன்று நாளைக்கு முன் வாங்கி வைத்த குடத்துக்குக் கை தானாகப் போகாது. இரண்டாவது ஒரு கேள்வி. கார்டைப் பற்றியெல்லாம் பேசி முடித்து, குடையை எடுத்துக்கொண்டு கிளம்புகிற நேரத்தில், சொந்தக்காரர் மாதிரிக் கேட்பார்.

"நேத்து ராத்திரி என்ன கொழம்பு?"

இங்கே ஒருதரம், அதே வீட்டில் இன்னொரு சமையல் நடப்பதாகச் சொல்லும் இடத்தில் ஒருதரம். இரண்டு பக்கமும் ஒரே குழம்பு என்றால் ஒரே சமையல். எல்லாப் பொய்யையும் தயார் செய்து வைத்திருப்பவர்கள் இதைத் தயார் செய்திருக்க மாட்டார்கள். குழம்பைப் பற்றி யாருக்குப் பொய் சொல்லத் தோன்றும்?

சாரிடமிருந்து நானும் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டேன். சாம்பார், புளிக்குழம்பு, ரசமும் துவையலும், நேற்றைய மிச்சம், ஒன்றும் இல்லை என்று எத்தனையோ பதில்கள். எந்த வீட்டிலும் அந்தக் கேள்விக்கு முகம் மலரும். அப்போது பேரையூர்ப் பக்கம் எனக்கு வேலை. ஒற்றை அறை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தேன். சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஹோட்டலில் நாலு இட்லி பொட்டலம். அறையில் வந்து பொட்டலத்தைப் பிரிக்கும்போது தோன்றும், ஊரில் உள்ளவர்களிடமெல்லாம் என்ன குழம்பு என்று கேட்டுவிட்டு வருகிறோமே, நம்மிடம் ஒரு மனுஷர் கேட்கவில்லையே என்று. தோன்றியதைச் சொல்கிறேன், அவ்வளவுதான். இட்லி நன்றாகத்தான் இருக்கும்.

அப்படி இருந்தபோதுதான் ஒச்சம்மாள் வந்தாள்.

ஸ்மார்ட் கார்டு வருவதற்கு முன், புத்தகம் போலிருந்த கார்டுகளின் காலம். பேரையூருக்கு மேற்கே ஒரு கிராமம். பொக்கை வாய், காதில் தண்டட்டி போட்டு இறங்கிய ஓட்டை, வெள்ளைச் சேலை. மனு நாளன்று சாரின் மேஜை முன்னால் நின்று, "எனக்குன்னு ஒரு அரிசிக் கார்டு வேணும் சாமி" என்றாள். ஏற்கெனவே ஒரு தடவை கேட்டு, எங்கள் ஆபீஸ் ஆள் ஒருவர் போய்ப் பார்த்து, தனிச் சமையல் இல்லை என்று தள்ளியிருந்தார். அவள் பேர் மகன் பாண்டியின் கார்டில் இருந்தது. அந்தக் கார்டுக்கு அரிசி வாங்கி மகன் வீட்டில் பொங்குகிறார்கள். தான் அந்த வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தாழ்வாரத்தில் தனியாகப் பொங்கிக் குடிப்பதாக இவள் சொல்கிறாள்.

சார் அவளை ஸ்டூலில் உட்காரச் சொன்னார். "கார்டு இல்லாம இப்ப அரிசிக்கு என்ன செய்றீக?" என்று கேட்டார்.

"காட்டு வேலைக்குப் போனேன் சாமி. இப்ப கூப்புட மாட்டேங்கிறாக. குனிஞ்சா நிமிர முடியல. கேப்பை கொஞ்சம் கெடக்கு."

"தீந்துட்டா?"

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். சார் மனுவை என் பக்கம் தள்ளினார். "நீங்க ஒரு எட்டு போய்ட்டு வாங்கம்மா" என்றார்.

மறுநாள் நான் போனபோது ஊரே மீன் வாசம் அடித்தது. கண்மாய் வற்றி முந்தின நாள் மீன் பிடித்திருக்கிறார்கள். பஸ்ஸில் இறங்கியதிலிருந்து எந்த வாசலைத் தாண்டினாலும் பழங்குழம்பு வாசம். காலையில் ஒரு டீ மட்டும் குடித்திருந்த எனக்கு வயிறு கூவியது.

பாண்டியின் வீடு ஓட்டு வீடு. பின்னால் தகரம் வேய்ந்த தாழ்வாரம், முன்பு ஆடு கட்டிய இடமாக இருக்க வேண்டும். உள்ளே போனதும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அடுப்பு என்று ஒன்று இருந்தது. ஆனால் புது மண் பூசி, சாணம் மெழுகி, சுண்ணாம்பு அடித்து, அதன் மேல் கோலம் போட்டிருந்தது. ஒரு பொட்டுக் கரி கிடையாது. சுவரும் வெள்ளை. எனக்குத் தெரிந்த எல்லாக் காட்சி அடுப்புகளையும் விட இது சுத்தம்.

"என்ன பாட்டி, அடுப்பு நேத்துதான் பொறந்துச்சா?" என்று கேட்டேன்.

"ஆபீசரம்மா வாரீகன்னாக தாயி. கரியும் பொகையுமா எப்படிக் காட்டுறது? ராத்திரியே சொரண்டி மெழுகிட்டேன்" என்றாள், பெருமையாக. போன தடவை வந்த ஆபீசருக்கும் இதே மரியாதைதான் நடந்திருக்கிறது. வீட்டுக்குப் பெரிய மனுஷர் வருகிறார் என்று இருந்த ஒரே சாட்சியை இந்தக் கிழவி தன் கையாலேயே சுரண்டி எறிந்திருக்கிறாள்.

முன்பக்கம் போய் மருமகளைப் பார்த்தேன். செல்வி என்று பேர். மூன்று பிள்ளைகள், ஒன்று இடுப்பில். பேச்சு வெடுக் வெடுக்கென்று இருந்தது. அது தனியாத்தான் பொங்குது என்றாள். சரி என்று கிளம்புகிற மாதிரித் திரும்பி, "நேத்து ராத்திரி என்னம்மா கொழம்பு?" என்றேன்.

"கெளுத்தி மீன் கொழம்பு. ஊருக்கே அதான்" என்றாள்.

பின்னால் வந்து கிழவியிடம் அதே கேள்வி.

அவள் ஒரு கணம் முன்வீட்டுப் பக்கம் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, "மீன் கொழம்பு தாயி" என்றாள்.

போயிற்று. சார் சொல்லிக்கொடுத்த கணக்குப்படி ஒரே உலை, ஒரே கார்டு. போன தடவையும் இப்படித்தான் ஆகியிருக்கிறது. அப்போது கருவாட்டுக் குழம்பு என்று இரண்டு பேரும் சொன்னதாகத் தள்ளுபடிக் குறிப்பில் படித்திருந்தேன். நானும் பையை மூடினேன். ஆனால் வெயில், தொண்டை வறண்டு கிடந்தது. வித்தைக்காக இல்லை, நிஜமாகவே தண்ணீர் கேட்டேன்.

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கையைப் பின்னால் நீட்டினாள். சுவர் ஓரத்தில் கழுத்து உடைந்த ஒரு மண்பானை. அதன் மேல் தட்டு, தட்டின் மேல் நசுங்கிய ஒரு தம்ளர். திரும்பிக்கூடப் பார்க்காமல் தட்டைத் தள்ளி, மோந்து, நீட்டினாள். அந்தக் கைக்கு அந்தப் பானையை வருஷக்கணக்காகத் தெரியும். எனக்குக் குழப்பமாகிவிட்டது. வாய் ஒன்று சொல்கிறது, கை ஒன்று சொல்கிறது.

தம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது, "என்ன மீனு பாட்டி?" என்று கேட்டேன்.

"மீனுதான்."

"கெண்டையா, விராலா?"

"கம்மா மீனு தாயி. மீனுல என்ன இருக்கு" என்றாள். குரல் தேய்ந்தது. வாசம் மீன் என்று சொல்லும், என்ன மீன் என்று சொல்லாது. நான் மெதுவாக, மூலையில் கவிழ்த்து வைத்திருந்த சட்டியைக் காட்டி, பார்க்கலாமா என்று கேட்டேன். அவளே எடுத்துக் காட்டினாள். அடியில் கூழ் வறண்டு ஒட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு கொட்டாங்கச்சியில் கல் உப்பு.

"அப்புறம் ஏன் மீன் கொழம்புன்னு சொன்னீக? போன தடவ வந்தவருகிட்டயும் கருவாடுன்னு சொல்லியிருக்கீகளே. அதனாலதான கார்டு வரல?"

"வாசம் வந்துச்சு தாயி, சொன்னேன்" என்றாள். அப்புறம் சட்டென்று கோபம் வந்தது அவளுக்கு. "எம் மகன் வீட்டுல மீனு கொதிக்குது, பெத்தவ வெறுங்கூழக் குடிச்சான்னு நான் எவ கிட்டயோ சொல்லவா? ஆபீசர்னா என்ன, அசலூரு மனுசிதான நீ? அரிசி வராட்டிப் போகுது."

அழுகிற ஆள் இல்லை அவள். நான்தான் பையில் எதையோ தேடுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

திரும்பும்போது செல்வி சுவர் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "குடுக்காமயா இருக்கேன்? கிண்ணத்துல கொண்டுபோய் வச்சா அப்படியே திரும்பி வருது. ஒரு நா கோவத்துல, சும்மா உக்காந்து திங்கிற வாய்க்கு ருசி வேறயான்னு கேட்டுப்புட்டேன். வாய் தவறி வந்துருச்சு. அன்னைக்குத் தட்டு தம்ளர எடுத்துக்கிட்டுப் பின்னால போனதுதான்" என்றாள். சொல்லிவிட்டு இடுப்புப் பிள்ளையின் மூக்கை அழுத்தித் துடைத்தாள், அது வீறிட்டது.

தனியாகச் சமைப்பது எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அது போதாது. என் மகன் வீட்டில் சாப்பிடவில்லை, தனியே சமைத்துச் சாப்பிடுகிறேன் என்று மனுதாரர் வாக்குமூலம் கொடுத்துக் கைநாட்டு வைக்க வேண்டும். அதை நான் எழுதி வாசித்ததும் ஒச்சம்மாள் கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். "மகன் வீட்டுல சாப்புடலன்னு எழுதாத. அது கவருமெண்டு காயிதத்துல கெடந்து, நாளைக்கு எம் பேரன் படிப்பான்" என்றாள். எவ்வளவு சொல்லியும் கை வெளியே வரவில்லை. கேப்பை இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். வெறுங்கையோடு பஸ் ஏறினேன்.

ஆபீஸில் சாரிடம் சொன்னேன். கோபமாகத்தான் சொன்னேன். இப்படிப் பிடிவாதம் பிடித்தால் நாம் என்ன செய்வது என்றேன். சார் குடையின் துணியை மடிப்பு மடிப்பாகச் சுற்றிக்கொண்டே கேட்டார். முடித்து, பட்டனைப் போட்டார்.

"ஏம்மா, தனியாச் சமைக்கிறாங்களான்னுதான் சட்டம் கேக்குது. ஏன் தனியாச் சமைக்கிறாங்கன்னு கேக்குதா?"

"இல்ல சார்."

"அந்தம்மாவுக்குப் பல்லு இருக்கா?"

"ஒண்ணுகூட இல்ல சார்."

"மருமக வீட்டுச் சோறு கடினமா இருக்கும்ல. பாவம், மெல்ல முடியுமா?" என்றார் சார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "எழுதுங்க. பல் இல்லாத காரணத்தால், குழைவாகத் தனியே சமைத்துச் சாப்பிட்டு வருகிறேன். இதுல பொய் எங்க இருக்கு?"

அந்த ஒரு வரியை எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். வாசித்துக் காட்டினேன். அவள் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். பிறகு வாயைத் திறந்து ஈறைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். "ஆமா தாயி, பல்லு இல்லல்ல" என்றாள். கட்டைவிரலை அவளே நீட்டினாள். செல்வி தள்ளி நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னொரு காரியம் பாக்கி இருந்தது. மகன் கார்டிலிருந்து அவள் பேரை எடுக்க வேண்டும். பாண்டி கார்டை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்கு வந்தான். மூட்டை தூக்குகிற ஆள், தோள் அகலம். கிளார்க் கார்டை விரித்து, ஒச்சம்மாள் என்ற பேரின் மேல் ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் கோடு இழுத்தார்.

"செத்தவுகளுக்கும் இப்படித்தான அடிப்பீக?" என்று கேட்டான் பாண்டி.

கிளார்க் ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தார். உள்ளே இருந்த சார் எழுந்து வந்தார். கார்டைக் கையில் வாங்கி, அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் தன் பேனாவால் தனி அட்டை பெற்றுள்ளார் என்று சின்னதாக எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். "இது வேறப்பா. உங்கம்மா நல்லா இருக்காக" என்றார். பாண்டி அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் படிக்கத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது.

புதுக் கார்டை வாங்க அவள் வந்த நாளில் நான்தான் கொடுத்தேன். விரித்துக் காட்டச் சொன்னாள். உறுப்பினர் பக்கத்தில் முதல் வரியில் அவள் பேர். மற்ற வரிகளெல்லாம் காலி. காலி இடத்தில் யாரும் பிறகு பேர் சேர்த்துவிடக் கூடாது என்று குறுக்கே ஒரு பெரிய கோடு போட்டிருப்போம், அது வழக்கம். அவள் விரல் அந்தக் கோட்டின் மேல் போனது.

"இது எதுக்குத் தாயி?"

"வேற பேரு யாரும் எழுதக் கூடாதுன்னு பாட்டி."

"எம் மகன் பேரு ஒரு ஓரத்துல கெடந்தா ஆகாதா? அரிசி வேணாம் அவனுக்கு. சும்மா பேரு மட்டும்" என்றாள். ஆகாது பாட்டி என்றேன். சார் மாதிரிப் பார்ப்போம் என்று சொல்ல எனக்கு வரவில்லை.

சில மாதம் கழித்து அந்த ஊர் ரேஷன் கடையைப் பார்வையிடப் போனேன். வரிசையில் ஒச்சம்மாள் நின்றாள். என்னைக் கண்டதும் வரிசையை விட்டு வந்து கையைப் பிடித்தாள். "நேத்து என்ன கொழம்புன்னு கேளு தாயி" என்றாள்.

கேட்டேன்.

"கெளுத்தி. முதுகுல ஒரு முள்ளு, செவுளுக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு. கொத்துச்சுன்னா கடுக்கும்" என்று முள் முள்ளாகச் சொன்னாள். ரேஷன் அரிசியில் ரெண்டு படி மாதாமாதம் முன்வீட்டுக்குப் போகிறதாம். கிண்ணம் வந்தால் இப்போது வாங்கிக்கொள்கிறாளாம். சும்மா உட்கார்ந்து தின்கிற வாய் இல்லையே இப்போது. நான் அன்றைக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தேன். அதைச் சொல்ல ஆள் தேடினேன். சார் அதற்குள் மாற்றலாகிப் போயிருந்தார். ஆபீஸில் அப்போதுதான் சேர்ந்திருந்த கவிதாவைப் பிடித்துச் சொன்னேன். பல் கதை என்று அது எங்கள் ஆபீஸில் பிற்பாடு ரொம்பப் பிரபலம்.

இதோடு முடித்து, குழுவில் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் முந்தாநாள் காலையில் ஒன்று நடந்துவிட்டது.

ரிட்டயர் ஆன பிறகு மதுரையில் தம்பி வீட்டு மாடியில் இருக்கிறேன். நல்ல அறை, சின்னச் சமையல் மேடை, ஜன்னலைத் திறந்தால் வேப்பமரம். முதலில் கீழேதான் சாப்பிட்டேன். தம்பி மகனுக்குக் கல்யாணம் ஆகிப் புதுப்பெண் வந்தாள். நான் சாப்பிட்டு எழுந்திருக்கும்வரை அந்தப் பிள்ளை உட்காராமல் நிற்கும். ஒரு நாள் தம்பி பெண்சாதி ஹெலன், "மதினி, ஒங்களுக்கு மேலயே குடுத்து விடவா?" என்று கேட்டாள். தப்பாகக் கேட்கவில்லை. "எதுக்கும்மா, நானே வச்சுக்கிடுறேன்" என்றேன். அவள் ஒரு தரம் வேண்டாம் என்றாள். இரண்டாம் தரம் சொல்வாள் என்று நினைத்தேன். எனக்குப் பென்ஷன் வருகிறது, அரிசி வாங்கிப் போட வழி இருக்கிறது. இறங்கிப் போய், நானும் உங்களோடு சாப்பிடுகிறேனே என்று கேட்பதற்குத்தான் வழி தெரியவில்லை.

என் பேர் தம்பி கார்டில் இருந்தது. புதுப்பெண் பேரைச் சேர்க்கிற சமயத்தில் தம்பி, "அக்கா, நீயும் தனியா ஒண்ணு எடுத்துக்கிட்டா ஒனக்குத்தான் நல்லது" என்றான். கார்டு இல்லாவிட்டால் இந்த ஊரில் எதற்கும் அத்தாட்சி கிடையாது. அதுவும் சரிதான் என்று பேரை எடுத்துவிட்டு, தனிக் கார்டுக்கு விண்ணப்பித்திருந்தேன். அதைப் பார்க்கத்தான் கவிதா வந்தாள். போனைக் கையில் வைத்துக்கொண்டு, மாடிப்படி முடியும் இடத்தில் செருப்பைக் கழற்றினாள். எனக்கு நெஞ்சு நிறைந்தது.

"இந்தக் கார்டுக்கு வேற யாரையும் அனுப்பக் கூடாதுன்னு நானே வந்தேன் மேடம்" என்றாள். அடுப்பைப் படம் எடுத்தாள். அதில் எடுக்க ஒன்றுமில்லை, பளிச்சென்று இருந்தது. டீ போடுவதற்கு மட்டும் பற்றவைத்தால் எந்த அடுப்பும் பளிச்சென்றுதான் இருக்கும். கிளம்புகிற மாதிரித் திரும்பினாள். சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"ஒங்க கேள்வியையே ஒங்ககிட்ட கேக்குறேன் மேடம். கீழயும் கேட்டுட்டுத்தான் வாரேன். நேத்து ராத்திரி என்ன கொழம்பு?"

எத்தனை வருஷம் கழித்து ஒருவர் என்னிடம் கேட்கிறார். முந்தின நாள் ராத்திரி நான் டீயும் நாலு முறுக்கும் சாப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை, கீழே மட்டன் கொதித்த வாசம் ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருந்தது. உண்மையைச் சொன்னால் கார்டு. அதைச் சொன்னால் போதும், சட்டம் முழுக்க என் பக்கம்.

"மட்டன் கொழம்புதாம்மா" என்றேன்.

கவிதாவின் சிரிப்பு நின்றுவிட்டது. கீழே ஹெலன் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். இரண்டும் ஒன்று என்றால் என்ன எழுத வேண்டும் என்று அவளுக்கும் தெரியும், நான் சொல்லிக்கொடுத்ததுதானே. அவள் அடுப்பைப் பார்த்தாள். கழுவிக் கவிழ்த்திருந்த ஒரே ஒரு தம்ளரைப் பார்த்தாள். எலும்போடு போட்டதா, தனிக்கறியா என்று அடுத்த கேள்வி கேட்பாள் என்று நான் காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்து என் முன்னால் உட்கார்ந்து, ரொம்ப மெதுவாக வேறு ஒன்று கேட்டாள்.

"மேடம், ஒங்களுக்குப் பல்லு ஏதும் தொந்தரவு இருக்கா?"

ஒச்சம்மாள் ஈறைத் தடவிக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. அவளுக்காவது அது உண்மை.

"ஆமாம்மா, கொஞ்ச நாளாவே. கடினமா எதையும் கடிக்க முடியல" என்று சொல்லிக்கொண்டே, மேஜை மேல் இருந்த முறுக்கு டப்பாவை ஜன்னல் திரைக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். கவிதா அதைப் பார்க்காதவள் மாதிரிக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.